மை காயும் வரை

“கையை எடுக்காதீங்க சார். மை இன்னும் காயலை.”

“எத்தனை தடவைம்மா வைப்பே?”

“நீங்க வாங்கின ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு தடவை. சட்டத்துல அப்படித்தான் இருக்கு.”

வாக்குச்சாவடி அலுவலர் இசைவாணி அடுத்த பெயரைத் தேடி நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினாள். ஓட்டை விற்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, அந்த வார்டில் மூவாயிரம் ஓட்டுகளைப் பொன்னுரங்கம் வாங்கியிருந்தார். ஊர் ஏரியை அவருடைய தண்ணீர் கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்பதுதான் இன்றைய வாக்கெடுப்பு. ஓட்டை விற்காத நூற்றுத் தொண்ணூறு பேரும் காலையிலேயே வந்து ‘வேண்டாம்’ என்று போட்டுவிட்டார்கள்.

முன்பிருந்த அலுவலர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, எல்லா ஓட்டையும் பொத்தானின் ஒரே அமுக்கில் முடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் பொன்னுரங்கம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நாலு மணிக்குத்தான் வந்தார். ஐந்துக்குக் கதவை மூடவேண்டும். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இதுவரை நாற்பத்தொரு ஓட்டுதான் போட்டிருந்தார்.

“விரல்ல இடமே இல்லையேம்மா.”

“முழங்கை வரைக்கும் இருக்கே சார். அடுத்தது முத்துக்கறுப்பன். எங்க அப்பா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல, மூச்சு வாங்கறப்ப உங்க ஆளுங்க கைநாட்டு வாங்கினாங்களே, அவர்தான். நீட்டுங்க.”

பொன்னுரங்கம் அப்போதுதான் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“தாயி, மிச்சத்தை மட்டும் ஒரே தடவையா அமுக்கிக்கறேன். விடும்மா.”