பெரியப்பா அனுப்பிய கடை

"பெரியப்பா அனுப்பினாருன்னு சொல்லு, போதும். மத்ததை அவங்க பார்த்துப்பாங்க."

போனை வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார் பெரியப்பா. தண்ணீர்ப் பம்ப் விற்கும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவர். தம்பி பிள்ளைகள் கூப்பிட்ட 'பெரியப்பா' நாளடைவில் தெருவுக்கே அவர் பெயராகிவிட்டது. யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், எங்கே சாப்பிடலாம் என்று அவரிடம் கேட்காமல் பெட்டியை மூடுவதில்லை.

"இப்ப எந்தக் கடைக்கு ஆள் அனுப்புறீங்க?" என்று கேட்டாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"அதான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, பச்சைக் கதவு வெச்சது. மீன்னா அங்கதான் மீன்."

"நீங்க அங்க ஒரு வாய் சாப்பிட்டிருக்கீங்களா?"

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த உண்மை உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே வயிற்றுப் புண் வந்து, போன ஊரிலெல்லாம் லாட்ஜ் அறையில் ரொட்டியும் பாலுமாகக் காலம் தள்ளிய மனிதர் அவர். சாப்பிடத்தான் முடியாது, வேடிக்கை பார்க்கலாம் அல்லவா? எந்தக் கடையில் கூட்டம் முண்டியடிக்கிறதோ, அதை மனதில் வைத்துக்கொள்வார். வீடு திரும்பியதும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வர்ணிப்பார். ரொட்டியும் பாலும் தின்றே சாப்பாட்டு நிபுணரானவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

'நான் அனுப்பினேன்னு சொல்லு' என்பதும் போகிற போக்கில் விட்ட சரடுதான். மற்ற ஊர்களில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. ஆனால் பச்சைக் கதவுக் கடையில் மட்டும் அது பலித்துத் தொலைத்தது. "உங்களைச் சொன்னதும் முதலாளியே எழுந்து வந்துட்டாரு பெரியப்பா. தட்டைத் திரும்பத் திரும்பத் துடைச்சு வெச்சாங்க" என்று போய்வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். கேட்கக் கேட்க, தனக்கு அங்கே ஏதோ செல்வாக்கு இருக்கிறது என்று அவரே பாதி நம்பத் தொடங்கியிருந்தார்.

வினை, மகளின் கல்யாணப் பேச்சில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பல் டாக்டர். பெண் வீட்டார் ஒரு பொய் சொன்னார்கள் என்பதற்காக முன்பு ஒரு சம்பந்தத்தையே முறித்துக்கொண்டவர்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அந்த மீன் கடை இருக்காமே" என்றார் அவர் போனில். "அங்கயே சாப்பிட்டுட்டு நாள் குறிச்சுடலாம். உங்களுக்கு அங்க ராஜ மரியாதைன்னு பொண்ணு சொல்லுச்சு. நானும் பார்க்கணும்ல?"

பெரியப்பா போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினார்.

"வயிறு சரியில்ல, சாப்பிட வரலன்னு சொல்லிடவா?" என்றார் மனைவியிடம்.

"அதை இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தா இப்ப ஏன் இந்தப் பாடு? பேசாம வாங்க. அங்க வந்தாவது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க. பொண்ணோட வாழ்க்கை."

கடை வாசலில் எல்லோருக்கும் பின்னால் பதுங்கித்தான் போனார். யாரும் கவனிக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். தம்பி மகன் முந்திக்கொண்டான்.

"அண்ணே, பெரியப்பாவே நேர்ல வந்திருக்காரு."

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து, அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெரியப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். 'யாருய்யா நீ' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மகள் கல்யாணம் அந்த வாசற்படியோடு சரி.

"ஐயாவா? உங்க முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க" என்றார் முதலாளி. "உள்ள வாங்க, ஃபேனுக்குக் கீழ உட்காருங்க."

பெரியப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேஜையை மூன்று பேர் துடைத்தார்கள். சமையல்காரர் புதுத் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு தானே பரிமாற வந்தார். பெரியப்பா வழக்கம்போல ஒரு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை மீன் மேல் விழும்போதெல்லாம் சமையல்காரர் தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பெரிய மனுஷன் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பல் டாக்டர் முள்ளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். "இந்தக் காலத்துல ஆளாளுக்கு அளந்து விடுறாங்க சம்பந்தி. நீங்க சொன்னது சொன்னபடி இருக்கு. அடுத்த மாசமே கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

மகள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் கை கழுவும் இடத்துக்கு எழுந்து போனார். முதலாளி துண்டோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

"என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க" என்றார் பெரியப்பா. "ஆனா நான் இந்தக் கடைக்குள்ள வந்ததே இல்லையே. என்னை எப்படிங்க ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

முதலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மறக்க முடியுமாங்கய்யா? அன்னிக்கு எதிர்ல நின்னுக்கிட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம, போற வர்ற ஒவ்வொரு தட்டையும் உத்துப் பார்த்துட்டுப் போனீங்க. அடுத்த வாரத்துல இருந்து, பெரியப்பா அனுப்பினாருன்னு ஆள் மேல ஆள் வந்தாங்க. இன்னிக்குப் பொண்ணு மாப்பிள்ளைன்னு ஒரு கல்யாண வேஷமே கட்டிக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. ஒரு கரப்பான்பூச்சியாவது கிடைச்சுதுங்களா? உங்க சுகாதார ஆபீஸ்ல சொல்லி, இனிமேலாவது எங்களை விட்டுடுங்கய்யா."