கடைசி வீட்டுக்கு வந்த வேகம்

அந்தத் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். பக்கத்து வீட்டுக் குழாய்க்கு மோட்டார் வந்த அன்றோடு அந்த நூலும் அறுந்தது.

"தெருவுக்கே பொதுவான பைப்புதானே அக்கா? நீயே உறிஞ்சிக்கிட்டா நான் எங்கே போவேன்?" என்று கடைசி வீட்டுக் குழாய் மதிலோரமாகக் கெஞ்சிப் பார்த்தது.

"துப்பிருந்தா நீயும் ஒண்ணு மாட்டிக்கோயேன்" என்றது பக்கத்து வீட்டுக் குழாய்.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அங்கே அரை ஹெச்பி மோட்டார் என்றால் இங்கே ஒண்ணரை வேண்டும் என்று வீம்பு பிடித்து, வெறும் காற்றாகச் சீறிச் சீறியே வீட்டுக்காரரை வாங்க வைத்தது.

வந்திறங்கிய மோட்டார் தயங்கியது. "பைப்பு சாக்கடையை ஒட்டி ஓடுது. மூட்டெல்லாம் விரிசல். தண்ணி இல்லாதப்போ இழுத்தா, வெளியே இருக்கிறதெல்லாம் உள்ளே வந்துடும். கீழே ஒரு தொட்டி கட்டச் சொல்லு. தானா வர்ற தண்ணி அதுல நிறையட்டும், நான் அதிலிருந்து ஏத்துறேன். அதுக்கு இவ்வளவு பலம்கூடத் தேவையில்லை."

"உன்னை வாங்கினது இழுக்கத்தான். இழு!"

மோட்டார் இழுத்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் நின்றது.

"என்னக்கா, தொண்டை காஞ்சிடுச்சா?"

இரண்டாம் நாள் கன்னங்கரேலென்று கொட்டியது. வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

குழாய் மட்டும் மதிலைப் பார்த்துக் கத்தியது: "பார்த்தியா அக்கா, என்ன வேகம்னு!"