கட்டாத வேப்பிலை

இளைய மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது அமுதவல்லி வாசலில் வேப்பிலை கட்டவில்லை. கட்டினால், மூத்தவளைப் பெண்பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்களே! சின்னவளை உள்ளறையில் பூட்டாத குறையாகப் படுக்கவைத்துவிட்டு, கேசரி கிளற எதிர்வீட்டு ஜெயக்கொடியைக் கூப்பிட்டுக்கொண்டாள். மூத்தவளுக்கு இடம் அமைந்தது. பதினைந்தாம் நாள் ஜெயக்கொடிக்கு அம்மை கண்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுவாரமே அவள் வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது.

தெரு சும்மா இருக்குமா? பஸ் ஜன்னல் காற்று என்றது, கண் திருஷ்டி என்றது, "அந்த வாய் கொஞ்சமாவா பேசுச்சு?" என்று சிரிக்கவும் செய்தது. அமுதவல்லி மட்டும் தினம் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"டாக்டருக்கே பிடிபடலக்கா. அம்மையால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாங்கிறாரு" என்றாள் ஜெயக்கொடி, பாதி முகத்தால் சிரித்தபடி. "எங்கேர்ந்து ஒட்டுச்சுன்னு கேக்குறாரு. நம்ம தெருவுல யாருக்குக்கா வந்துச்சு?"

கோணிய கடைவாயில் காப்பி வழிந்தது. அமுதவல்லி முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்கக்கா" என்றது கைக்கு அடியிலிருந்த வாய்.