வீட்டுப் பற்று

"கால் படி துவரம்பருப்பு குடுங்க மொதலாளி" என்று ஆராயி பையை நீட்டினாள்.

மளிகைக்கடைச் சின்னுசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆராயியின் புருஷன் சடையனும் மளிகைக்கடைதான் வைத்திருக்கிறான், அதுவும் நேர் எதிரில். அவன் பெண்டாட்டி இங்கே வந்து பருப்பு வாங்குகிறாள்.

அவள் காசைக் கொடுத்துவிட்டுப் போனதும் கடையில் நின்றவர்களிடம் சொன்னார். "பாத்தீங்களா? சொந்தப் பொண்டாட்டியே நம்பாத கடை. அங்க போயி நீங்க சரக்கு வாங்கறீங்க."

எருமப்பட்டி முழுக்க இதைச் சொல்லியாயிற்று. ஆனாலும் கூட்டம் எதிர்க்கடையில்தான்.

சடையன் இவர் கடையில் தராசு பிடித்தவன். போன சித்திரையில் தனிக்கடை போட்டான். கைகட்டி நின்றவன் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

சேலம் ஜில்லாவில் சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடிய வருஷம் அது. கூலிக்காரர்கள் கையில் நாலு காசு நின்றது.

"கள்ளுக்கடை மூடுன அதிர்ஷ்டம். இவன் சாமர்த்தியமா?" என்று மனைவி பாப்பாயியிடம் பொருமினார்.

"கள்ளுக்கடை நமக்குந்தானுங்க மூடுச்சு?" என்றாள் அவள்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்குப் புரியாத விஷயம் வேறொன்று இருந்தது. அந்தக் கடை இந்நேரம் மூடியிருக்க வேண்டும். அதற்கு அவரே வழி செய்திருந்தார்.

போன சித்திரை முதல் நாள், மஞ்சள் தடவிய புதுப் பேரேட்டோடு சடையன் வந்தான். "உங்க கைராசி வேணுமுங்க. என்னென்ன கணக்கு வெக்கோணுமின்னு பிரிச்சு, தலைப்பு நீங்களே எழுதிக் குடுங்க."

மறுத்தால் ஊரில் தப்பாகப் பேசுவார்கள். பிள்ளையார் சுழி போட்டு, பக்கத்துக்கு ஒரு தலைப்பாக எழுதினார். முதல், கொள்முதல், விற்பனை, வண்டிக்கூலி, வாடகை, கோயிலுக்கு ஒதுக்கும் மகமை.

அடுத்து 'வீட்டுப் பற்று' என்று எழுத வேண்டும். கடையிலிருந்து சொந்த வீட்டுக்கு எடுக்கிற சரக்கைக் குறிக்கிற பக்கம் அது. அது இல்லாவிட்டால் பருப்பும் எண்ணெயும் உழக்கு உழக்காக வீட்டுக்குப் போகும். கணக்கில் வராது. சரக்கு எங்கே போயிற்று என்று தெரியாமலே கடை கரையும். புதிதாகக் கடை போட்டவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் இழுத்து மூடினார்கள்.

சின்னுசாமி அந்தத் தலைப்பை எழுதவில்லை. பேரேட்டை மூடி, "நல்லா இரு சாமி" என்று கொடுத்தார்.

ஆறு மாதம் காத்திருந்தார். பிறகு இன்னும் ஆறு மாதம். அடுத்த சித்திரையும் வந்துவிட்டது. சடையன் மறுபடி புதுப் பேரேட்டோடு வந்து நின்றான்.

"போன வருசம் எழுதுனாப்பலயே எழுதிக் குடுங்க மொதலாளி."

சின்னுசாமியால் எரிச்சலை மறைக்க முடியவில்லை. "அது கெடக்கட்டும். உம் பொண்டாட்டி எதுக்கு எங் கடைக்கு வந்து வாங்கறா? உங் கடைச் சரக்கு அத்தன மோசமா?"

சடையன் சிரித்தான். "உங்க கடையில இருந்தவனுக்கு வீட்டுப் பற்றுன்னு ஒரு பக்கம் உண்டுன்னு தெரியாதுங்களா? நீங்க எழுதிக் குடுத்ததுல அது இல்லீங்க. மொதலாளி மறந்துட்டாருன்னு ஆராயி சொன்னா. அவரு மறக்கற ஆளில்ல, காரணத்தோடதான் உட்டுருக்காருன்னு நாஞ் சொன்னனுங்க."

"என்ன காரணம்?" என்றார் சின்னுசாமி.

"கடைச் சரக்குல ஊட்டுக்குன்னு ஒரு கைப்புடி தொடாதேன்னு சொல்லாமச் சொல்லிக் குடுத்துட்டீங்க. அன்னையிலிருந்து எங்க ஊட்டுக்கு வேணுங்கறதெல்லாம் காசு குடுத்து உங்ககிட்டத்தானுங்க. அதனாலதான் கடை நின்னுச்சு."

சின்னுசாமி தலை குனிந்து பேனாவை எடுத்தார். "இந்த வருசம் அதையும் எழுதிடட்டுமா, சடையா?"

"வேண்டாமுங்க. உங்க கைராசிய மாத்தாதீங்க."

எழுதிக் கொடுத்து அனுப்பினார். பிறகு தன் கடைக்கு வாங்கியிருந்த புதுப் பேரேட்டைப் பிரித்தார். தலைப்புகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர் மகமையோடு நிறுத்தி மூடிவிட்டார்.

பாப்பாயி முறத்தோடு வந்தாள். "ஏனுங்க, ஊட்டுல பருப்புத் தீந்துபோச்சு. ஒரு படி அள்ளிக்கிட்டுமுங்களா?"

"அதுல கை வெக்காத" என்றார் சின்னுசாமி. "காசு தாரேன். சடையங் கடையில போயி வாங்கிட்டு வா."