பத்து விநாடி அசையாமல்

ஒரு குட்டி ட்ரோனுக்குள் கடுகளவு கைரோ ஒன்று இருந்தது. ட்ரோன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வது அதன் வேலை. ஆனால் சும்மா நிற்கும்போதும் இடப்பக்கம் லேசாகத் திரும்புவதுபோலவே அதற்குத் தோன்றும். அதனால் ஒவ்வொரு முறை கிளம்புமுன்பும் பத்து விநாடி அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்திலிருந்த திருத்தும் மின்சுற்று, "இப்ப என்ன தோணுது?" என்று கேட்கும். கைரோ சொல்லும் பிழையைக் குறித்துக்கொண்டு, பறக்கும்போது கழித்துவிடும்.

ஒருநாள் இது ட்ரோனின் இறக்கை காதில் விழுந்துவிட்டது.

"நின்ன இடத்துலயே தலை சுத்துதாமே! உன்னை நம்பியா நான் பறக்கிறேன்?" என்று சிரித்தது.

மறுநாள் சுற்று கேட்டபோது, இறக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தோணலைக்கா" என்றது கைரோ.

"நல்லா பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கேன்."

சுற்று எதையும் கழிக்கவில்லை. நேராகப் போக வேண்டிய ட்ரோன், இல்லாத இடத்திருப்பத்தைச் சரிசெய்யப் போய், வலப்பக்கமாக வளைந்து வளைந்து வேப்பமரத்தில் மோதியது. இறக்கையின் முனை ஒடிந்தது.

"காத்து தள்ளிடுச்சு போல. நீ பயந்துட்டியா?" என்று இறக்கைதான் கேட்டது.

ஒடிந்த முனையை ஒட்டி, ட்ரோனை மறுபடி தரையில் வைத்தார்கள்.

"இப்ப என்ன தோணுது?"

இறக்கை பக்கத்திலேயே இருந்தது.

"இடப்பக்கம் திரும்புற மாதிரி இருக்குக்கா" என்றது கைரோ. "அன்னிக்கும் இருந்துச்சு."

சுற்று வழக்கமான குரலில் கேட்டது:

"எவ்வளவு?"