எதிரே நின்ற பாதி

விளக்குப் பெட்டி செய்யத் தன்னை இரண்டாக வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மேசைமேல் மல்லாந்து கிடந்த சுவர்க் கண்ணாடிக்கு உதறல் எடுத்தது.

"வெட்டிவிடாதே. எந்த முகத்தையும் நான் அரைகுறையாகக் காட்டியதில்லை" என்று வைரமுனைக் கத்தியிடம் கெஞ்சியது.

"நான் எங்கே வெட்டுகிறேன் தாயே? கோடு கிழிப்பதோடு என் வேலை சரி. உடைவது உன் பாடு" என்றது கத்தி.

கோடு விழுந்தது. லேசாக அழுத்தியதும் 'டக்'கென்று கண்ணாடி இரண்டாயிற்று. பாதிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஓர் அகலை ஏற்றி வைத்தார்கள்.

கண்ணாடி தன் ஆயுளில் முதல்முறையாக இன்னொரு கண்ணாடியைப் பார்த்தது. விளக்குக்குப் பின்னால் விளக்கு, அதற்கும் பின்னால் விளக்கு. முடிவே தெரியவில்லை.

"இத்தனை நாளும் எங்கே இருந்தாய்?" என்று மெல்லக் கேட்டது.

"உன்னை ஒட்டியேதான் இருந்தேன்" என்றது எதிர்ப்பாதி.