தாய்வீட்டுப் பயணம்

"பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று செஞ்சி டாக்டரம்மா கலைச்செல்வியிடம் சொன்ன மறுநாளே, மாமியார் மீனம்பாள் பையில் துணிகளை அடுக்கினாள்.

"இந்த நேரத்துல எங்க கெளம்புற, அம்மா?" என்றான் மகன் இனியன்.

"கொழந்த பொறந்ததும் வந்துடுறேன்."

"இவள யாரு பாத்துக்கறது?"

மீனம்பாள் பையின் வாயை இழுத்து மூடினாள். வளைகாப்பு வளையல்கள் குலுங்க, கலைச்செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. வல்லத்திலிருந்து வந்த கலைச்செல்வியின் அம்மா இறங்கினாள்.

"வளைகாப்பு முடிஞ்சா பொண்ணு அம்மா வூட்டுக்குப் போவணும். இவள வண்டியில ஏத்தக் கூடாதாம். அதான் அவங்கள இங்க வரச் சொல்லிட்டேன்" என்றாள் மீனம்பாள்.

"அதுக்கு நீ ஏன் போவணும்?"

"அவங்க மாட்டை யாரு கறப்பா?" என்றவள் சம்பந்தியிடம் கையை நீட்டினாள். "வூட்டுச் சாவியக் குடுங்க. பசு ஒதைக்குமா?"